பாதியோடு இரண்டு

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேறு எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை.

நேற்றும் போன் செய்தேன். மாமாதான் எடுத்தார். "உங்கக்கா தூங்குறாப்பா" என்றார். பின்னால் உன் இருமல் கேட்டது. தூங்குகிறவர்கள் அப்படி வேண்டுமென்றே இருமமாட்டார்கள். ஏழு வாரமாக நீ என்னோடு பேசவில்லை. மாமா சொன்னது மட்டும்தான் எனக்குத் தெரியும்: துணி வெட்டும் இயந்திரம், வலது கை, நடு விரல்கள் மூன்று. அதைச் சொல்லும்போது அவர் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அழாமல் இருப்பதற்காகத்தான் என்று பிறகு புரிந்தது.

நான் கல்லூரியில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாமாவோ, "வர வேணாம்னு சொல்லச் சொன்னா. அவ சொன்னா சொன்னதுதான், உனக்கே தெரியும்" என்கிறார்.

அக்கா, வகுப்பில் சாக்பீஸ் எடுக்கும்போதெல்லாம் என் கையைப் பார்க்கிறேன். பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன. நான் படிக்க வேண்டும் என்றுதானே நீ பதினெட்டு வயதில் அந்தத் தொழிற்சாலைக்குப் போனாய்? நான் உட்கார்ந்து படித்த நாற்காலியின் கால்கள் உன் விரல்கள்தான். இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், தெரிந்த மாதிரி கேட்கிறேன்.

பேச வேண்டாம் என்றால் எழுது. எழுத முடியாத கையைப் பார்த்து எழுது என்கிறேன் பார், என் புத்தி அவ்வளவுதான். மாமாவை எழுதச் சொல்.

என்றும் உன் தம்பி

---

மார்ச் 21

தம்பிக்கு,

மாமா எழுதவில்லை. நானேதான் எழுதுகிறேன், பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் பேனாவைச் செருகிக்கொண்டு. கோழி கிளறியது போல இருக்கும். பொறுத்துக்கொண்டு படி. இந்தத் தாள் நான்கு நாள் வேலை.

கைக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மா, தினமும் கொஞ்சமாவது எழுத வேண்டும் என்கிறாள். "யாருக்கு எழுதுறது?" என்று கேட்டேன். "யார் மேல கோவமோ அவங்களுக்கு எழுதுங்க. அப்பத்தான் பேனா நல்லா அழுந்தும்" என்றாள். அதனால்தான் உனக்கு.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் உனக்காகத் தொழிற்சாலைக்குப் போகவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, துணி பிடித்தது. நாற்பது அடுக்குத் துணிக்குள் கத்தி போகும்போது ஒரு சத்தம் வரும், அது பிடித்தது. அன்றைக்கு இரும்பு வலைக் கையுறை ஒன்றுதான் இருந்தது. அதை இடது கையில் போட்டிருந்தேன், வலது கை போயிற்று. இதில் நீ எங்கே வந்தாய்? என் விரலுக்கு நீ சொந்தம் கொண்டாட வேண்டாம்.

வராதே.

அக்கா

---

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. திட்டித்தான் எழுதியிருக்கிறாய். திட்டினாலும் எழுதினாயே, அது போதும். அந்தப் பயிற்சி அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. என் மாணவர்களில் பாதிப் பேர் பத்து விரலோடு இதைவிட மோசமாக எழுதுகிறார்கள்.

இப்போது நான் சொல்லப்போவது உனக்குச் சிரிப்பாக வருமோ, கோபமாக வருமோ தெரியவில்லை. மனிதர்கள் பத்துப் பத்தாக எண்ணுவது பத்து விரல் இருப்பதால்தான். ஏழு விரல் இருந்தால் ஏழு ஏழாக எண்ணலாம். ஏழு சேர்ந்தால் ஒரு கட்டு. ஒன்பது துண்டு என்றால் ஒரு கட்டு, இரண்டு உதிரி; ஆகவே 12 என்று எழுதுவோம். ஏழில் ஒரு வேடிக்கை உண்டு. கடைசியில் 2 இருக்கிறதே, இரட்டைப்படை என்று நினைத்தால் ஏமாந்தோம். இலக்கங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றும் இரண்டும் மூன்று, ஒற்றை. ஆகவே அந்த எண்ணும் ஒற்றை. கடைசி ஆளை மட்டும் பார்த்து முடிவு செய்ய ஏழு விடாது, மொத்தக் குடும்பத்தையும் விசாரிக்கச் சொல்லும்.

கட்டு, உதிரி என்று நீதானே எனக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தாய்? நினைவிருக்கிறதா?

உன் தம்பி

---

ஏப்ரல் 20

தம்பிக்கு,

நினைவிருக்கிறதா என்று என்னையா கேட்கிறாய்? உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கத்தான் இருபத்து நான்கு வருஷமாகக் காத்திருக்கிறேன்.

சரி, எழுதிவிடுகிறேன். இன்றைக்குப் பேனா நன்றாக அழுந்துகிறது.

வெட்டுக் கூடத்தில் அப்போது நான் கட்டுக் கட்டுகிற பெண். ஒரு ஆர்டருக்குப் பத்துப் பத்தாகக் கட்டச் சொல்வார்கள், அடுத்ததற்கு எட்டு எட்டாக, அதற்கடுத்ததற்குப் பன்னிரண்டாக. ஒவ்வொரு சீட்டிலும் எத்தனை கட்டு, எத்தனை உதிரி என்று எழுத வேண்டும். எழுதி எழுதி ஒன்றைக் கவனித்தேன். பன்னிரண்டு துண்டை எடுத்துக்கொள். பத்தாகக் கட்டினால் ஒரு கட்டு, இரண்டு உதிரி. கூட்டினால் மூன்று. பன்னிரண்டு மூன்றால் மீதியில்லாமல் வகுபடும். ஏழாகக் கட்டினால் ஒன்றும் ஐந்தும் ஆறு. அதுவும் வகுக்கும். ஐந்தாகக் கட்டினால் இரண்டும் இரண்டும் நான்கு. அதுவும் சரி. எட்டாகக் கட்டினால் ஒன்றும் நான்கும் ஐந்து. அங்கே தடுக்கி விழுந்தது. எட்டில் மட்டும்தான் விழுந்தது, வேறு எப்படிக் கட்டினாலும் நின்றது.

எப்படிக் கட்டினாலும் விழாத எண் உண்டா என்று தேடினேன். ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு. நல்ல பிள்ளைகள் என்று பெயர் வைத்தேன். அதற்குப் பிறகு நூறு வரைக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி, நூலால் தைத்து, நீ கல்லூரி நேர்காணலுக்குப் போகிற அன்று உன் கையில் கொடுத்தேன். "பெரிய படிப்புப் படிச்சவங்க இருப்பாங்கல்ல, ஆறுக்கு மேல நல்ல பிள்ளை யாராவது உண்டான்னு கேட்டுட்டு வாடா" என்றேன்.

நீ கேட்கவில்லை. காட்டினாய். இடம் கிடைத்தது. கல்லூரி ஆண்டு மலரில் உன் பெயரோடு அச்சாகியும் வந்தது. விடுமுறைக்கு நீ வந்தபோது உன் சட்டைக்கு இஸ்திரி போடப் பெட்டியைத் திறந்தேன், அதில் பார்த்தேன். நல்ல பிள்ளைகள் என்ற பெயரைக்கூட நீ மாற்றவில்லை.

நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன். அந்த விடுமுறை போயிற்று, அடுத்ததும் போயிற்று. பிறகு எனக்கே பேச வெட்கமாகிவிட்டது.

நான் கோபப்படாத விஷயத்துக்கு வருஷம் தவறாமல் மன்னிப்புக் கேட்கிறாய். கோபப்படுகிற விஷயத்துக்கு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பெயரைவிடப் பெரிய கோபம் ஒன்று உண்டு. நான் கேட்ட கேள்விக்கு நீ பதிலே கொண்டு வரவில்லை.

ஆறுக்கு மேல் உண்டா, இல்லையா?

அக்கா

---

மே 4

அக்கா,

அன்புள்ள என்று எழுதிவிட்டு அடித்தேன். இந்தக் கடிதத்தை அப்படித் தொடங்க எனக்குத் தகுதியில்லை.

நீ எழுதியது அத்தனையும் உண்மை. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நேர்காணல் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். கேட்ட எதற்கும் எனக்குப் பதில் வரவில்லை. நடுவில் இருந்த அம்மா பாவப்பட்டு, "நீங்களா ஏதாவது யோசிச்சதுண்டா?" என்று கேட்டார். உன் சீட்டுக் கட்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொரு சீட்டாகப் புரட்டினார். மூன்று பேரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார்கள். "அருமையா இருக்கே. யார் கண்டுபிடிச்சது?" என்றார் அவர்.

"நான்தான் மேடம்."

அவ்வளவுதான். இரண்டு சொல். யாரும் என்னை மிரட்டவில்லை. நாக்கு அதுவாகத் திரும்பிற்று என்று சொல்லலாம், ஆனால் அது பொய். திரும்பியது நான்.

வேறு ஏதாவது உண்டா என்று நான் அவர்களிடம் எப்படிக் கேட்பேன்? கண்டுபிடித்தவனுக்கே தெரியாதா என்று கேட்டுவிடுவார்கள் என்று பயம். அதன் பிறகு அந்தக் கேள்வி பக்கமே போகவில்லை. இத்தனை வருஷம் எண்களைப் பற்றித்தான் பாடம் நடத்துகிறேன். இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கிற அந்த ஒரு பாடம் வந்தால் பக்கத்தைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். நீ தியாகம் செய்தாய் என்று நானே ஒரு கதை கட்டி அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேனே, ஏன் என்று இப்போது புரிகிறது. அது சுலபமான மன்னிப்பு. அதில் நான் எதுவும் செய்யவில்லை அல்லவா?

இதற்குத்தான் இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். உன்னுடையதை என்னுடையது என்றேன். உன் கேள்வியை வழியிலேயே போட்டுவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று மாலை உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் பதில் கிடைத்துவிட்டது. ஒரு மணி நேரம்தான், அக்கா. அதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது. பதிலை எழுதித் தனி உறையில் ஒட்டி இதோடு வைத்திருக்கிறேன். பிரிப்பதும் பிரிக்காததும் உன் விருப்பம்.

தம்பி

---

மே 23

தம்பிக்கு,

உறையைப் பிரிக்கவில்லை. மாமா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சன்னலோரமே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் மாமா, "அவன் எழுதினதுல எது உன்னை இப்படி உட்கார வெச்சுது? திருடினதா?" என்று கேட்டார். "இல்லைங்க. மூணு பேரும் நாற்காலியை நகர்த்திக்கிட்டுப் பக்கத்துல வந்தாங்களாம்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. என் சீட்டைப் பார்க்க மூன்று பெரிய மனிதர்கள் நாற்காலியை நகர்த்தியிருக்கிறார்கள். எனக்கு அது இத்தனை வருஷம் தெரியாதே! அதையும் சேர்த்துத்தானே நீ ஒளித்து வைத்திருந்தாய்.

மன்னித்தேனா என்று கேட்காதே. இன்னும் இல்லை. பொய் எதற்கு?

ஆனால் வேலை நடக்கிறது. சாப்பாட்டு மேசை முழுக்கச் சட்டைப் பொத்தான்கள். பயிற்சி அம்மாதான் பெருவிரலாலும் சுண்டுவிரலாலும் பொத்தான் பொறுக்கச் சொன்னாள். பொறுக்குவதுதான் பொறுக்குகிறோம், கட்டாகவும் வைப்போமே என்று தொடங்கினேன். மாமா சமைத்த சோற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றே சாப்பிடுகிறார். "இந்த வீட்டுல எனக்கு உட்கார ஒரு இடம் கிடைக்குமா, அதுவும் உதிரியா?" என்கிறார்.

ஒற்றைப்படை எண்களை முடித்துவிட்டேன். எந்த ஒற்றை எண்ணையும் அதைவிட ஒன்று குறைவாகக் கட்டு. ஒரு கட்டு, ஒரு உதிரி. கூட்டினால் இரண்டு. ஒற்றை எண் இரண்டால் வகுபடுமா? படாது. ஒன்றைத் தவிர எல்லா ஒற்றையும் அங்கேயே விழுந்தாயிற்று. பல் தேய்க்கும்போது தோன்றியது. வாயில் நுரையோடு மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.

இரட்டைதான் பிடி கொடுக்கவில்லை. எட்டு, ஆறாகக் கட்டினால் விழுகிறது. பத்து, ஏழில். பன்னிரண்டு, எட்டில். பதினான்கு, ஒன்பதில். சிலது வேறு இடங்களிலும் விழுகிறது, ஆனால் இந்த வரிசை படிக்கட்டு மாதிரி ஏறுகிறது. ஏன் என்று தெரியவில்லை. நீ எழுதும்போது ஒன்றும் துப்புக் கொடுக்காதே. கொடுத்தால் கொன்றுவிடுவேன்.

அக்கா

---

ஜூன் 8

அன்புள்ள அக்கா,

துப்புக் கொடுக்க மாட்டேன். வாயைத் தைத்துக்கொண்டேன்.

நேற்று வகுப்பில் அந்தப் பாடத்தை நடத்தினேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாகப் பக்கத்தைத் தள்ளவில்லை. ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு என்று பலகையில் எழுதிவிட்டு, இதைக் கண்டுபிடித்தது யார், எங்கே நின்றுகொண்டு கண்டுபிடித்தாள், அதைத் தன்னுடையது என்று சொன்னவன் யார், அவன் இப்போது என்ன வேலை பார்க்கிறான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கவில்லை. அறுபது பேர் கேட்டார்கள். நாளையிலிருந்து இவர்கள் என்னை மதிப்பார்களா என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "சார், அவங்க இன்னும் கண்டுபிடிக்கிறாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, இரட்டைப்படையில இருக்காங்க" என்றேன். வகுப்பே கை தட்டியது. எனக்கில்லை, அக்கா.

ஆண்டு மலருக்கும் எழுதியிருக்கிறேன். கண்டுபிடித்தவர் பெயரைத் திருத்தி இந்த வருஷ மலரில் வெளியிட வேண்டும் என்று. அவர்கள் பதில் எழுத இரண்டு மாதம் ஆகலாம். விடமாட்டேன்.

நானும் உன் பன்னிரண்டு மாதிரிதான், ஒரே ஒரு இடத்தில் விழுந்தவன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

உன் தம்பி

---

ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் உன் பன்னிரண்டுக்குப் பதில். அது எட்டில் விழுவது அதன் தலையெழுத்து. வேறு வழி அதற்கில்லை. உனக்கு வழி இருந்தது. எண்ணைக் காட்டி நீ தப்பிக்கப் பார்க்காதே. ஆனால் விழுந்தவன் வகுப்பு நடுவில் எழுந்து நின்றானே, அதை எந்த எண்ணாலும் செய்ய முடியாது. அந்தப் பெண்ணிடம் சொல், இரட்டைப்படையும் முடிந்தது என்று.

நான் வேலைக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. சூப்பர்வைசர் ரொம்ப அன்பாக, "உங்களுக்கு லேசான வேலையா பாத்து வெச்சிருக்கோம். கேட்டுல உட்கார்ந்து யார் வராங்க, யார் போறாங்கன்னு பாருங்க" என்றார். "அதுக்குக் கண்ணு போதும் சார். எனக்குக் கையும் இருக்கு" என்றேன். இப்போது வரைவு மேசை. துணி வீணாகாதபடி சட்டையின் காகித அச்சுகளைப் பரப்பி, சுற்றிக் கோடு போடுகிற வேலை. சாக்கட்டி பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் நன்றாகவே நிற்கிறது. முதல் நாள் பக்கத்து மேசையில் கத்தி ஓடிய சத்தம் கேட்டதும் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஓரமாகப் போய் உட்கார்ந்தேன், பிறகு எழுந்து வந்தேன். மறுநாளும் அப்படித்தான். இப்போதும் அந்தச் சத்தம் பிடிக்கிறதா என்றால், பிடிக்கவில்லை. பழகியிருக்கிறது. வெட்டு மேசைக்கு இரண்டிரண்டு கையுறை வராமல் கோடு போட மாட்டேன் என்று நின்றேன், எல்லாரும் கூட நின்றார்கள். வந்துவிட்டது. ஒவ்வொரு மேசையாகப் போய் எண்ணிப் பார்த்தேன்.

இரட்டைப்படை அந்த வரைவு மேசையில்தான் பிடிபட்டது. சட்டை முதுகைப் பாதியாக மடித்து, தையலுக்கு இரண்டு விரற்கடை விட்டுக் கோடு போட்டேன். கை அப்படியே நின்றுவிட்டது. எட்டு, ஆறில் விழுகிறது. எட்டில் பாதி நான்கு, அதோடு இரண்டு ஆறு. பன்னிரண்டில் பாதி ஆறு, அதோடு இரண்டு எட்டு. பாதியோடு இரண்டு!

இரண்டைத் தவிர எந்த இரட்டை எண்ணையும் பாதியோடு இரண்டு சேர்த்துக் கட்டு. ஒரு கட்டு வரும். உதிரி, பாதியைவிட இரண்டு குறைவு. இரண்டையும் கூட்டினால் பாதியைவிட ஒன்று குறைவு. இப்போது அத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள். துண்டுகளை ஆளுக்கு இரண்டு கொடு. எப்போதும் இரண்டு துண்டு மிஞ்சும். நிற்பது ஒருவரோ இருவரோ என்றால் அந்த இரண்டையும் பங்கிட்டுவிடலாம். அது நான்குக்கும் ஆறுக்கும்தான். மூன்று பேர் நின்றால்கூட இரண்டு துண்டை எப்படிப் பங்கு போடுவாய்? ஆகவே ஆறுக்கு மேல் ஒருவரும் இல்லை. லட்சத்திலும் இல்லை, கோடியிலும் இல்லை.

ஒன்றும் இல்லை என்று தெரிவதில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கோடு போட்ட சாக்கட்டியோடு கூடத்தின் நடுவில் நின்று சிரித்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வந்து உன் உறையைப் பிரித்தேன். உன்னுடையதும் சரிதான். ஆனால் இரண்டு பக்கம். என்னுடையது அரைப் பக்கம்.

நீ எழுதியதையெல்லாம் மறுபடி ஒரு தடவை படித்தேன். மன்னிப்பு என்பது ஒரு நாள் காலையில் எழுந்து கொடுக்கிற பொருள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை போலிருக்கிறது. இரட்டைப்படை பிடிபட்டதும் யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது தெரியுமா? மாமா பாவம் எதிரிலேயே இருந்தார். அவரைத் தாண்டி உன்னிடம் சொல்லத்தான் தோன்றியது. அப்போதே தெரிந்துகொண்டேன்.

வா. அடுத்த விடுமுறைக்கே வா. வந்ததும் என் கையைப் பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்துப் பேசாதே. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். சுவருக்கே கூச்சமாக இருக்கிறது. கையை நேராகப் பார், பிடித்தும் பார். அழ வேண்டும் என்றால் பத்து நிமிஷம் அழு. அதற்கு மேல் போனால் மாமாவும் சேர்ந்துகொள்வார், என்னால் இரண்டு பேரைச் சமாளிக்க முடியாது.

பிறகு வேலை இருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் விழுகிற எண்கள் எத்தனை? மூன்று, எட்டு, பன்னிரண்டு என்று மூன்று பேர் கிடைத்திருக்கிறார்கள். நான்காவது ஆள் உண்டா? உனக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லாதே. தெரியாவிட்டால் இன்னும் நல்லது. சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

வரும்போது பென்சிலும் நல்ல ரப்பரும் வாங்கி வா. நிறைய அழித்து எழுத வேண்டியிருக்கும்.

உன் அக்கா